ஸ்ட்ராட்டஜி தலைவர் பதவியிலிருந்து அடுத்தது சிஇஓவா?
ஆலோசனை நிறுவனத்தில் ஐந்தாறு வருடம், அப்புறம் ஒரு நிறுவனத்தில் ஸ்ட்ராட்டஜி தலைவர், அதாவது நிறுவனம் எந்தத் திசையில் போவது என்று திட்டம் போடுபவர், அடுத்தது சிஇஓ என்று வேலையில் மேலே ஏறும் வழியை ஒரு கட்டுரையில் போட்டிருப்பதில் கடைசிப் படிதான் எனக்கு இடிக்கிறது. இந்திரா நூயியையே எடுத்துக்கொள்ளுங்களேன், பாஸ்டன் கன்சல்டிங் குரூப், மோட்டோரோலா, ஏபிபி என்று பல நிறுவனங்களைப் பார்த்துவிட்டு 1994இல் பெப்சிகோவுக்கு ஸ்ட்ராட்டஜி பொறுப்பில் வந்தவர்தான், ஆனால் சிஇஓ ஆனது 2006இல். நடுவில் உணவகத் தொழிலைத் தனி நிறுவனமாகப் பிரித்தது, ட்ராபிகானாவை வாங்கியது, குவாக்கர் ஓட்ஸ் இணைப்பு என்று பெரிய பேரங்களில் முன்நின்று, நிதித் தலைமை அதிகாரியாகவும் இருந்த பிறகுதான் அந்த நாற்காலி. நானும் ஒரு நிறுவனத்தில் ஸ்ட்ராட்டஜி குழுவில் குப்பை கொட்டியவன். போர்டு மீட்டிங்குக்கு முந்தின ராத்திரி வரை ஸ்லைடில் அம்புக்குறியை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருப்போம், மறுநாள் விற்பனைத் தலைவர் வந்து, இந்த இலக்குக்கு ஆள் யார் தருவது, செலவு யார் பட்ஜெட்டில் என்று சாவகாசமாகக் கேட்பார், எங்களிடம் பதில் இருக்காது. ஏனென்றால் லாப நஷ்டக் கணக்கு எங்கள் கையில் இல்லை. எங்கள் குழுவிலிருந்து மேலே போனவர்கள் எல்லாம் ஒரு சின்னப் பிரிவையாவது, பெரும்பாலும் வேறு யாரும் தொட விரும்பாத நஷ்டப் பிரிவை, கேட்டு வாங்கி நடத்திக் காட்டியவர்கள். மற்றவர்கள் நிறுவனம் மாறி மாறி அதே ஸ்லைடைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு முன்னால் கருத்து போட்ட ஒருவர், நல்ல எம்பிஏ இருந்தால் போதும் என்று எழுதியிருக்கிறார், நேர்காணல் அறைக்குள் நுழைய அது உதவும், சரி, அதற்கு அப்புறம் யாரும் அதைக் கேட்பதில்லை.