இருட்டிலும் வளரும் பவளம்

ஆழ்கடல் பவளங்களையும் கடல் சாமந்திகளையும் ரோபோ கேமராவால் ஆராய்வது பற்றிய ஒரு கட்டுரையை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். வெயிலே படாத இடத்தில் பவளம் எப்படிப் பிழைக்கும் என்றுதான் கேட்டார்கள். எங்கள் கிழக்குக் கரையில் உள்ள சோட்வானா கடலோரப் பவளங்களுக்கு, உள்ளேயே வாழும் பாசி வெயிலைக் கொண்டு உணவு கொடுக்கும். ஆழத்தில் அந்த வசதி கிடையாது. நீரோட்டத்தில் வரும் மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்ன வேண்டும். அதனால் வளர்ச்சி மிக மெதுவு. ஹவாய்க் கடலில் ஒரு கருப்புப் பவளத்தின் வயது 4,000 ஆண்டுகளுக்கும் மேல்! கடல் தரையோடு இழுத்துப் போகும் மீன்பிடி வலையான அடிமட்ட இழுவலை ஒருமுறை உரசிப் போனாலே போதும், எல்லாம் நொறுங்கிவிடும். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கடலில் சைல்ட்ஸ் பேங்க் என்னும் கடலடி மேட்டுக்கு 2019இல் பாதுகாப்பு கிடைத்ததையும் கட்டுரையாளர் சேர்த்திருக்க வேண்டும். இப்படி ஆழ்கடலை ஆராயும் கப்பல்களில் நம் பிள்ளைகளும் போகவேண்டும் ஐயா, அதுதான் என் ஆசை.