எழுதிக் கொடுத்த பிறகும் வழி இருக்கிறது

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியம்மா ஒருவர், கணவர் துறைமுகத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில் கட்டிய வீட்டைச் சில ஆண்டுகளுக்கு முன் மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். இன்று அதே வீட்டின் மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொள்கிறார். கேட்டால், "எழுதிக் கொடுத்தாச்சு, இனி என்ன பேசறது?" என்கிறார்.

பேச முடியும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலவாழ்வுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, 60 வயது நிறைந்த ஒருவர் தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ பெறப்பட்டதாகக் கருதப்பட்டு, தீர்ப்பாயத்தால் செல்லாது என்று அறிவிக்கப்படலாம்.

சிக்கல் "நிபந்தனையோடு" என்ற சொல்லில்தான் இருக்கிறது. அப்படியொரு நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எந்தத் தாய் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் நின்றுகொண்டு, தான் பெற்ற பிள்ளையிடம் "எனக்குச் சோறு போடுவேன் என்று எழுதித் தா" என்று கேட்பாள்? கேட்கக் கூசுகிற அந்த மனதையே சட்டம் அவளுக்கு எதிரான சாட்சியாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2025 ஜனவரியில் இச்சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே கூறியது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் எழுதிக் கொடுக்கும்போது பராமரிப்பு என்ற நிபந்தனை சொல்லாமலே அதில் அடங்கியிருக்கிறது என்றது. ஆறுதலான தீர்ப்புகள்தாம். ஆயினும் நீதிபதிகளின் பரிவை நம்பியிராமல், நிபந்தனை எழுதப்படாவிட்டாலும் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதுவரை, இனி எழுதிக் கொடுக்கப்போகிறவர்கள் கூச்சத்தை விட்டுப் பராமரிப்பு நிபந்தனையையும், உயிருள்ளவரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அல்லது உயில் எழுதுங்கள். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

பெரியம்மாவின் பத்திரத்தை வாங்கிப் படித்தேன். "அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு" என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அந்தத் தீர்ப்பாயத்தை நடத்தும் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்று விளக்கியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பையனைப் போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போயிடுமாப்பா?" இது போலீஸ் வழக்கு அல்ல என்று இரண்டு முறை சொன்ன பிறகே பத்திரத்தின் நகலை என்னிடம் கொடுத்தார்.