நள்ளிரவில் மட்டும் தோற்கும் சோதனை

போன வாரம் ஒரு நாள், இரவு 1 மணி இருக்கும். ஆர்ச் லினக்ஸ் இயங்குதளத்துக்காகப் பயனர்களே பொதிகளைப் பராமரிக்கும் ஏயூஆர் களஞ்சியத்தில் நான் பார்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள் பொதி ஒன்றுக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது. அன்றாடக் குறிப்புகளைத் தேதி போட்டு எழுதிவைக்கும் பைத்தான் கருவி அது. பதிப்பு எண்ணை மாற்றி, பொதியைக் கட்டும் மேக்பேக்கேஜ் கட்டளையை ஓட்டினேன். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அதனோடு வரும் சோதனைகளில் இரண்டு தோற்றன. எதிர்பார்த்த தேதி 14, கிடைத்த தேதி 13. தூக்கம் கண்ணைச் சுழற்றியது. கணினியை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் காபியோடு உட்கார்ந்து, ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் மறுபடி ஓட்டினேன். எல்லாம் தேறிவிட்டன.

இந்த மாதிரி நேரத்தில் ‘சரி, ராத்திரி ஏதோ கோளாறு’ என்று பதிவேற்றிவிட்டுப் போவதுதான் வழக்கம். நானும் அப்படிப் போயிருக்கிறேன். இந்த முறை அந்த 13 உறுத்திக்கொண்டே இருந்தது.

நம் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5:30 வரை யுடிசியில் இன்னும் நேற்றுதான். சோதனை என் கணினியின் தேதியைக் கேட்கிறது; கருவியோ யுடிசி தேதியை எழுதுகிறது. பகலில் இரண்டும் ஒன்றாக இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. உறுதி செய்துகொள்ள மறுநாள் இரவு 12:40க்கு மறுபடி ஓட்டினேன், தோற்றது. நேர மண்டலத்தை யுடிசி என்று வைத்து ஓட்டினேன், தேறியது. மூல நிரலாசிரியரின் தானியங்கிச் சோதனைகள் ஓடுவதும் யுடிசியில்தான். அங்கே இந்தப் பிழை தலைகாட்ட வழியே இல்லை.

முதலில் சோதனையைத்தான் திட்டினேன். பிறகுதான் உறைத்தது: தப்பு கருவியில். இரவு 1 மணிக்கு நான் எழுதும் குறிப்பை அது நேற்றைய பக்கத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் அப்படித்தான் சேர்த்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. சோதனை கவனித்துவிட்டது.

இதனால்தான் பொதியை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் பிகேஜிபில்ட் கோப்பிலிருந்து, சோதனைகளை ஓட்டும் ‘செக்’ பகுதியையே வெட்டி எறியும் பராமரிப்பாளர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவசரத்துக்குப் பொதியை நிறுவிக்கொள்ளும் பயனர் சோதனைகளைத் தவிர்க்கும் ‘நோசெக்’ போட்டுக் கட்டட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. அது அவர் கணினி, அவர் அவசரம். ஆனால் பராமரிப்பவர் அந்தப் பகுதியை நீக்கினால் எல்லோருக்காகவும் நீக்குகிறார், அதுவும் யாரிடமும் சொல்லாமல். ஒரே ஒரு சோதனை இணையம் கேட்டோ கிராஃபிக்ஸ் அட்டை கேட்டோ தோற்கிறதா? பைத்தான் சோதனைகளை ஓட்டும் பைடெஸ்டில் அந்த ஒன்றை மட்டும் பெயர் சொல்லி விலக்க வழி இருக்கிறது. விலக்கிவிட்டு, ஏன் விலக்கினோம் என்று மேலே ஒரு வரி எழுதுங்கள். அடுத்த பதிப்பில் அந்த வரியைப் பார்த்தாவது யாராவது மறுபடி முயன்று பார்ப்பார்கள்.

பொதி கட்டவில்லை என்று முறையிடுபவர்களிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ‘செக் பகுதியில் பிழை, நிறுத்துகிறேன்’ என்ற கடைசி வரியை மட்டும் ஒட்டி அனுப்புகிறார்கள். அது மேக்பேக்கேஜின் இரங்கல் செய்தி. சாவுக்குக் காரணம் நூறு வரி மேலே கிடக்கும். மேலே போனால் பாதி நேரம் அது சோதனைத் தோல்வியே இல்லை. சோதனைக்குத் தேவையான ஒரு மாட்யூல் நிறுவப்படவில்லை, அவ்வளவுதான். பராமரிப்பவரின் கணினியில் அது ஏற்கெனவே இருந்திருக்கும். ‘செக்டிபெண்ட்ஸ்’ வரியில் சேர்க்க மறந்திருப்பார். ஆர்ச்சின் டெவ்டூல்ஸ் கருவிகளைக் கொண்டு சுத்தமான க்ரூட்டில், அதாவது தன் கணினியில் உள்ளவை கலக்காத தனிச் சூழலில், ஒரு முறை கட்டியிருந்தால் அவரிடமே பிடிபட்டிருக்கும்.

பைத்தான் பெரிய பதிப்பு மாறும்போது நடப்பது வேறு கூத்து. 2023 அக்டோபரில் வந்த 3.12இல், இரண்டு மதிப்புகள் சமமா என்று சோதிக்கும் ‘அஸர்ட்ஈக்குவல்ஸ்’ என்ற பழைய பெயரை எடுத்துவிட்டார்கள். கடைசியில் ‘ஸ்’ இல்லாத பெயர் மட்டும் மிஞ்சியது. அந்த ஒற்றை எழுத்தால் எத்தனையோ பழைய பொதிகளின் சோதனைகள் சரிந்தன. கருவிகளில் பல நன்றாகவே ஓடின. அங்கே பழையது சோதனைதான். பெயரைத் தேடி மாற்றும் ஒரு வரி செட் கட்டளையில் தீர்ந்துவிடும்.

சில சமயம் குற்றவாளி நாமே. ஒரு பொதியின் சோதனை நடுவில் திடீரென்று பெட்டி ஒன்று திறந்து என் கடவுச்சொல்லைக் கேட்டது. வெலவெலத்துப் போனேன். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் கமிட் ஒவ்வொன்றிலும், அதாவது ஒவ்வொரு பதிவிலும், கடவுச்சொல் கேட்டுக் கையொப்பமிடச் சொல்லி என் வீட்டு அடைவில் நான்தான் அமைப்பு வைத்திருக்கிறேன். அந்தச் சோதனை தற்காலிகக் கிட் களஞ்சியம் ஒன்றை உருவாக்கி அதில் கமிட் செய்யப் பார்த்திருக்கிறது. வீட்டு அடைவை வெற்று அடைவாகக் காட்டி ஓட்டியதும் அமைதியாக முடிந்தது. ஓட ஓட வெவ்வேறு சோதனை தோற்கிறது என்றால், இணையாக ஓடுபவை ஒன்றின் காலை ஒன்று மிதிக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் தெரிந்துவிடும்.

விசித்திரமான ஒரு முறையீட்டை மனத்தில் வைத்திருந்தவரால் என்ன நடந்தது என்பதற்கு, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் ரகசியப் பின்வாசல் வைக்கப்பட்ட விவகாரம் இருக்கிறது. 2024 மார்ச் 29 அன்று அதைப் பகிரங்கப்படுத்திய நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைத் துருவிக்கொண்டு போனவர். சில வாரங்களுக்கு முன் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் தானியங்கிச் சோதனையில், பொதிகளைப் புதுப்பித்த பிறகு, நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் ஏதோ புரியாத புகார் சொன்னது அப்போது அவர் நினைவுக்கு வந்தது. இதில் கசப்பான வேடிக்கை என்னவென்றால், அந்தப் பின்வாசல் ஒளிந்திருந்ததே சோதனைக்கான மாதிரிக் கோப்புகள் என்ற பெயரில்தான். அந்த அடைவை யார் திறந்து பார்க்கிறார்கள்?

என் குறிப்புக் கருவிக்கு இரண்டு வரித் திருத்தம் எழுதி மூல ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். ‘என்னிடம் தோற்கவில்லையே’ என்று பதில் வந்தது. கணினியின் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்றி, கடிகாரத்தை இரவு 1 மணிக்குத் திருப்பி வைத்து ஓட்டிப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். அதுவரை பொதியில் அந்தத் திருத்தத்தை ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறேன். செக் பகுதி அப்படியே இருக்கிறது.