இன்னொரு தடவை ஓ.எஸ். போட்டா சரியாயிடும்க்கா

ஆகாது. சரியாகாது. இன்னொரு தடவை போட்டாலும் ஆகாது, வருஷம் முழுக்கப் போட்டுக்கொண்டே இருந்தாலும் ஆகாது. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தர் முகத்துக்கு நேராகவும் இதைச் சொல்ல வேண்டும். மெஷின் மெதுவாக இருக்கிறதா, ஃபார்மட், அதாவது டிஸ்க்கைத் துடைத்துவிட்டு விண்டோஸ் என்கிற ஓ.எஸ்.ஸைப் புதிதாகப் போடுவது. பிரிண்டர் எடுக்கவில்லையா, ஃபார்மட். சவுண்டு வரவில்லையா, ஃபார்மட். வேலைக்கு நடுவில் நீலத்திரை வந்து மெஷின் தானாக அணைந்து எழுகிறதா, அதற்கும் ஃபார்மட். என்ன கோளாறு என்று ஒரு நிமிஷம் நின்று பார்க்க மாட்டார்கள். கேபினெட்டின் பக்கத்து மூடியைக்கூடக் கழற்ற மாட்டார்கள். பென் டிரைவைச் செருகுவார்கள், "சாயங்காலம் வந்து எடுத்துக்கங்கக்கா" என்பார்கள். சாயங்காலம் காசு வாங்கிக்கொள்வார்கள். மறுநாள் அதே நீலத்திரை.

வீட்டிலிருந்து டி.டி.பி., அதாவது கம்ப்யூட்டரில் பத்திரிகை, நோட்டீஸ் அடித்து வடிவமைக்கிற வேலை, பார்க்கிறவள் நான். ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் எனக்கு ஒரு நாள் மெஷின் இல்லையென்றால் அது ஒரு நாள் கூலி இல்லை, ஒரு வாடிக்கை வீடு போய்விடுகிறது. இந்தப் பதற்றம் கடைக்காரருக்குப் புரிவதே இல்லை.

அந்த ராத்திரியைச் சொன்னால்தான் என் ஆத்திரம் அடங்கும். புது ஓ.எஸ். போட்டு மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டது. டெஸ்க்டாப் பளிச்சென்று காலியாக இருக்கிறது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றுகிறேன். பிரிண்டர் டிரைவர். ஸ்கேனர் டிரைவர். தமிழ் கீபோர்டு. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர். எழுத்துருக்கள், அதுவும் பழைய சி.டி.யிலிருந்து தேடித் தேடி. வீடு முழுக்கத் தூங்கிவிட்டது. கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திறக்கிறேன். பிள்ளையார் படம் மேலே உட்கார்ந்தாயிற்று. ஸ்ரீராமஜெயம் போட்டாயிற்று. பெண் வீட்டுத் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, ஊர், எல்லாம் அடித்தாயிற்று. "திருவளர்ச்செல்வி" வரைக்கும் வந்தேன். அதற்கடுத்த எழுத்து விழவில்லை. கர்சர் நிற்கிறது. மவுஸை அசைக்கிறேன், அம்புக்குறி அசையவில்லை. மெல்லிசாகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் ஒரே சத்தத்தைப் பிடித்துக்கொண்டு டர்ர்ர்ர் என்று கத்துகிறது. பக்கத்து அறையில் மாமியார் எழுந்து விளக்கைப் போடுகிறார். சேவ் பண்ண இரண்டு விசையையும் சேர்த்து அழுத்துகிறேன், அழுத்திக்கொண்டே இருக்கிறேன். எதுவும் இல்லை. பிறகு அந்த நீலம். அழுகிற முகம். கீழே சதவீதக் கணக்கு மெதுவாக ஏறுகிறது. அடியில் சின்ன எழுத்தில், மெமரி மேனேஜ்மென்ட்.

அதாவது பெட்டியைத் துடைத்துத் துடைத்துப் புதிதாகப் போட்ட ஓ.எஸ். ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.

விடிந்ததும் கடைக்குப் போன்.

"தம்பி, திரும்ப ப்ளூ ஸ்க்ரீன் வருது."

"நேத்துதானேக்கா ஓ.எஸ். போட்டுக் குடுத்தோம்?"

"ஆமா, நேத்துதான்."

"நீங்க ஏதாவது சாஃப்ட்வேர் ஏத்துனீங்களா?"

"வேலைக்கு வேணும்ல? ஏத்துனேன்."

"அதான்க்கா. அதுல ஏதோ ஒண்ணு கரப்ட். கொண்டாங்க, இன்னொரு தடவை ஓ.எஸ். போட்ருவோம்."

"ஸ்க்ரீன்ல மெமரி மேனேஜ்மென்ட்னு போட்டுருக்கு தம்பி. ராமைக் கொஞ்சம் பாக்கலாமா?"

"அதெல்லாம் சும்மா வரும்க்கா."

சும்மா வரும்! இந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அது சும்மா வருவதில்லை, தம்பி. விண்டோஸின் உள்மையம் இதற்கு மேல் ஓடினால் கோப்புகள் கெட்டுவிடும் என்று கண்டு தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்போது, எதனால் நிறுத்தினேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போகிற குறிப்பு அது. முழுக் காரணம் அதில் இருக்காது, ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது இருக்கும். எனக்கு முதல் நாள் மெமரி மேனேஜ்மென்ட். அப்புறம் ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல். அதற்கப்புறம் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா. மூன்றும் ராமை, அதாவது வேலை ஓடும்போது தகவல் தங்குகிற நினைவகத்தைச் சுற்றியே வருகிற புகார்கள். பிரிண்டர் மாதிரி ஒரு கருவியை ஓ.எஸ்.ஸோடு பேசவைக்கிற டிரைவர் மென்பொருள் ஒன்று கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே குறியீடுதான் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வந்தால் முதலில் ராமைச் சந்தேகிக்க வேண்டும். இந்தத் தொழிலில் கடை போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாதா? தெரியாவிட்டால் எதற்குக் காசு வாங்குகிறார்?

அந்தத் திரையைச் செய்தவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்து நீலத்திரை பார்க்கப் பயமாக இருந்தாலும் குறியீட்டு எண்ணையும் அதன் பின்னால் நான்கு விவர எண்களையும் கொடுக்கும், சில சமயம் எந்தக் கோப்பு என்று பெயரே சொல்லும். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அந்த எண்களை எடுத்துவிட்டு அழுமூஞ்சியை வைத்தார்கள். 2016-ல் கியூ.ஆர். கோடு வந்தது, அதைப் போனில் பிடித்தால் யாருக்கும் பொதுவான ஒரு உதவிப் பக்கத்துக்குப் போகும். வாடிக்கையாளருக்குப் புரியாது என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். எண் புரியாவிட்டாலும் எழுதிவைத்துப் புரிந்தவரிடம் காட்டுவோம் இல்லையா?

இதைவிடப் பெரிய கொடுமை, ஃபார்மட் பண்ணும்போது தடயமும் சேர்ந்து அழிகிறது. ஒவ்வொரு தடவை விழும்போதும் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோப்பு விழும். விண்டிபக் என்று மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தருகிற கருவியில் அதைத் திறந்தால் விழுந்த நேரத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று பார்க்கலாம். ப்ளூஸ்க்ரீன்வியூ என்ற சின்ன மென்பொருளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். என் பெட்டியில் எத்தனையோ கோப்புகள் அப்படிச் சேர்ந்து கிடந்தன. ஒன்றைக்கூடத் திறக்காமல் சி டிரைவைத் துடைத்தார்கள். திரும்பச் சேர்ந்தது. திரும்பத் துடைத்தார்கள்.

நடுவில் ஒரு நாள், மெஷினில் நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்துவைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்து, கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக இருந்ததைக் காட்டி, "பவர் ப்ராப்ளம்க்கா, யூ.பி.எஸ். மாத்துங்க" என்றார் அந்தத் தம்பி. 41 என்றால் போன தடவை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். கரண்ட் போனாலும் 41 வரும், நீலத்திரை விழுந்தாலும் 41 வரும். அதையே விரித்துப் பார்த்தால் பக்செக் கோட் என்று, எந்த நீலத்திரை விழுந்தது என்று சொல்கிற ஒரு எண் இருக்கிறது. எனக்கு அங்கே 26 இருந்தது. 26 என்பது அதே மெமரி மேனேஜ்மென்ட். அதைப் படிக்காமல் என் யூ.பி.எஸ்.ஸைப் பழி சொன்னார்கள்.

இணையத்தில் தேடினால் அங்கேயும் எல்லோரும் எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ் ஓட்டச் சொல்லுகிறார்கள். அது விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும், ராமைச் சரிபார்க்காது. அத்தோடு விட்டுவிட்டேன்.

ராம் கெட்டிருக்கும்போது ஓ.எஸ். போடுவது வீண் வேலை மட்டும் இல்லை, கெடுதலும்கூட. பென் டிரைவிலிருந்து வருகிற ஒவ்வொரு கோப்பும் ராம் வழியாகத்தான் விரிந்து ஹார்டு டிஸ்க்குக்குப் போகிறது. ஒரு 8 ஜி.பி. ராமில் 6,800 கோடிக்கும் மேலான பிட்கள். அதில் ஒன்றிரண்டு செத்திருந்தால் போதும், அந்த இடத்தைத் தொட்டுப் போகிற கோப்பு சேதத்தோடுதான் உட்காரும். சர்வர்களில் பிழை திருத்துகிற ராம் இருக்கும், நம் வீட்டுப் பெட்டிகளில் அது கிடையாது. ஆக, புதிதாகப் போட்ட ஓ.எஸ். பிறக்கும்போதே கெட்டுப் பிறக்கிறது. கிணறு உப்பாக இருக்கிறது என்று சொன்னால் வாளியை மாற்றித் தருகிறார்கள்.

ஃபார்மட்டே தப்பு என்று நான் சொல்லவில்லை. வைரஸ் புகுந்து குதறிவிட்டால், சிஸ்டம் கோப்புகள் கந்தலாகிவிட்டால், போடத்தான் வேண்டும். ஆனால் துடைத்துப் போட்ட பிறகும் அதேபோல விழுகிறதென்றால் அதுவே ஒரு விடை இல்லையா? கோளாறு ஓ.எஸ்.ஸில் இல்லை என்று மெஷினே சொல்லிவிட்டது. பிறகு ராம், சூடு, மெஷினுக்கு மின்சாரம் தருகிற எஸ்.எம்.பி.எஸ்., ஹார்டு டிஸ்க் என்று கீழே இறங்கித் தேட வேண்டும். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் நீலத்திரை காட்டி விழுந்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த 85 லட்சத்தையும் ஃபார்மட் பண்ணியா சரிசெய்தார்கள்? ஒரு பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் கோப்புதான் காரணம் என்று கண்டுபிடித்து, சேஃப் மோடில் போய் அந்தக் கோப்பை அழித்தார்கள். அவ்வளவு பெரிய விபத்துக்கே காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. என் ஒரு பெட்டிக்கு முடியாதா?

எழுத்துருக்களைப் பற்றிச் சொன்னால் எனக்கு அழுகையே வருகிறது. "டேட்டா பூரா பேக்கப் எடுத்தாச்சுக்கா" என்றார்கள். டெஸ்க்டாப்பை எடுத்தார்கள், டி டிரைவைத் தொடவில்லை, சரி. விண்டோஸுக்குள் இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரை? டி.டி.பி. வேலை பார்க்கிறேன் என்று வாசலிலேயே சொல்லித்தானே மெஷினைக் கொடுத்தேன்! 2001-ல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கருக்கு, எந்த மெஷினிலும் தமிழ் தமிழாகவே தெரிய வைக்கிற பொதுக் குறியீடான யூனிகோடு தெரியாது. 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டாலும், அச்சகங்களின் பழைய கோப்புகள் எல்லாம் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில்தான் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் தமிழே இருக்காது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குவிந்து கிடக்கும். எத்தனை வீட்டுக் கல்யாணம், எத்தனை பேருடைய கண்ணீர் அஞ்சலி, எத்தனை கோயில் கொடை நோட்டீஸ்! அத்தனையும் என் கண் முன்னால் புரியாத கிறுக்கலாக நின்றது. அந்த எழுத்துருக்களில் சிலதைத் தயாரித்த கடைகளே இன்று இல்லை. யாரிடம் போய்க் கேட்பேன்?

நடுவில் இன்னொரு யோசனையும் சொன்னார்கள். "மெஷின் பழசுக்கா. டென்னுக்கு சப்போர்ட் முடிஞ்சு போச்சு, லெவன் இதுல ஏறாது. புதுசு எடுத்துருங்க." 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது உண்மை. அதற்காக மெஷின் நீலத்திரை காட்டுமா? ஆதரவு முடிந்த அன்றைக்கு ராம் கெட்டுப்போகுமா? ஒரு துண்டு ராமைப் பார்க்கச் சோம்பல்பட்டு, ஒரு முழு கம்ப்யூட்டரை என் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். மெம்டெஸ்ட்86 இலவசம். பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்தால் விண்டோஸே இல்லாமல் ராமை மட்டும் எழுதிப் படித்து எழுதிப் படித்துச் சோதிக்கும். வெகுநேரம் ஓடும். ஆனால் அதற்கு ஆள் காவல் இருக்க வேண்டியதில்லை, கடையில் பூட்டிவிட்டுப் போகும்போது போட்டுவிட்டுப் போனால் காலையில் விடை இருக்கும். எனக்குக் காலைவரைகூட ஆகவில்லை. சிவப்பு வரிகள் பொலபொலவென்று விழுந்தன. மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு துண்டில் ஒன்றைக் கழற்றினேன். ஒன்றை வைத்துச் சோதித்தேன், சுத்தம். அதே ஸ்லாட்டில், அதாவது ராம் செருகுகிற அதே பள்ளத்தில், மற்றதை வைத்தேன், சிவப்பு. ஸ்லாட்டில் குறையில்லை, துண்டில்தான் குறை. அந்தத் துண்டை எடுத்துவிட்டு, சுத்தமான ராமில் நானே திரும்ப ஓ.எஸ். போட்டேன். அன்றிலிருந்து மெஷின் விழவில்லை.

போன் செய்து சொன்னேன். மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை, அடுத்து வருகிறவர்களுக்காவது முதலில் ராமைப் பாருங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அதற்கு அந்தத் தம்பி சொன்னது:

"ராம் போயிருக்கும்னு நானும் அப்பவே நெனச்சேன்க்கா."

நினைத்தாயா! நினைத்துவிட்டுத்தான் "சும்மா வரும்" என்றாயா? நினைத்துவிட்டுத்தான் யூ.பி.எஸ். மாற்றச் சொன்னாயா? நினைத்துவிட்டுத்தான் என் ஃபான்ட்ஸையெல்லாம் துடைத்தாயா? போனை வைத்துவிட்டேன். வாய் வரைக்கும் வந்தது, வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள்.

இந்தக் கோபத்தில் இருக்கும்போதுதான் மாப்பிள்ளை வீட்டுக்காரர் கூப்பிடுகிறார். சித்தப்பா பெயருக்கு மேலே சின்ன மாமா பெயர் வந்துவிட்டதாம், சித்தப்பா கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்கிறாராம், உடனே மாற்ற வேண்டுமாம். எத்தனை புரூஃப் அனுப்பினேன்! ஒவ்வொரு பெயரையும் சத்தமாக வாசித்துப் பாருங்கள் என்று எழுதி அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி "ஓகே" போட்டது நீங்கள்தானே? பெயர் வரிசையும் நீங்கள் கைப்பட எழுதிக் கொடுத்ததுதானே? பிளேட் போட்டாயிற்று ஐயா, பத்திரிகை மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் முழுக் காசு. சித்தப்பாவிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.