பார்க்குக்கு முதல் கானைக் கட்டுவம் மச்சான்

போன கிழமை கனடாவில் இருந்து மச்சான் கோல் எடுத்தார். "எங்கட ஒழுங்கையை ஒருக்காச் சீராக்குவம். சனசமூக நிலையத்துக்கு மேல்மாடி, பிள்ளையளுக்கு ஒரு பார்க். நீ திட்டத்தை எழுதி அனுப்பு, காசை நான் இங்க சேர்க்கிறன்."

நல்ல மனம். ஆனால் இன்னும் ஒரு வரி எழுதவில்லை. ஒழுங்கைக்கு முதலில் வேண்டியது மழைத்தண்ணீர் ஓடுகிற கான். ஏனென்று அவருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பார்க் எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. சுனாமிக்குப் பிறகு வந்த காசில் கட்டியது. யார் கட்டினார்கள் என்பது இப்போது வேண்டாம். உப்புக் காற்றில் ஊஞ்சல் சங்கிலி இரண்டு மாரி தாங்கவில்லை. வெல்டிங் கடையில் கொடுத்து மாற்ற பெரிய காசு போயிராது. அந்தச் சின்னக் காசை யாரும் திட்டத்தில் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். திறந்து வைத்தவரின் பெயர்ப்பலகை மட்டும் இன்னும் பளபளக்கிறது. கருங்கல், துருப்பிடிக்காது.

அடுத்தது கலண்டர். கொடுப்பவர்களின் கணக்கு பெரும்பாலும் டிசம்பர் 31இல் மூடும். கடிதம், அனுமதி, கொட்டேஷன் எல்லாம் முடிந்து காசு கையில் வர ஆவணி, புரட்டாதி ஆகிவிடும். திருகோணமலையில் ஐப்பசியில் மாரி பிடித்தால் தைவரை விடாது. முழங்கால் தண்ணீருக்குள் நின்று கொங்கிரீட் போட்ட கதையை எங்கள் மேசன்மாரைக் கேளுங்கள். கான் வேலை என்றால் கச்சான் காற்று அடிக்கிற வைகாசி, ஆனியில், நிலம் காய்ந்து கிடக்கும்போது செய்ய வேண்டும். அதற்கு முதல் வருட மாரியிலேயே குடையோடு நடந்து, தண்ணீர் எந்த வேலியடியில் தேங்குகிறது, எந்த மதகில் அடைக்கிறது என்று பார்த்துக் குறித்திருக்க வேண்டும். மேல்மாடியைக் கேட்டவர் யாரும் அப்படி நடக்கவில்லை. (நானும் இந்த வருடம்தான் நடந்தேன்.)

இனிக் காசு. எங்கள் ஒழுங்கையில் அறுபது வீடு. வீட்டுக்கு மாதம் 200 ரூபாய் என்றால் வருடத்துக்கு 144,000. கான் கட்ட இது காணாது. கட்டிய கானை அள்ளித் துப்புரவாக வைத்திருக்கக் காணும். 2022இல் கேஸ் வரிசையில் நின்ற சனத்திடம் 200 ரூபாய் கேட்பதா என்று ஒரு அக்கா கேட்டார். நியாயம்தான். முடியாத வீடு மாதம் ஒரு நாள் மண்வெட்டி பிடிக்கட்டும், அதையும் சந்தாவாக எழுதுவோம்.

புதிதாக அறக்கட்டளை தொடங்க வேண்டாம் மச்சான். தொண்டு அமைப்புப் பதிவுக்கு 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கச் சட்டம், வருடா வருடம் கணக்காய்வு என்று அலைய இங்கே ஆளில்லை. கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, வங்கிக் கணக்கும் இருக்கிறது. கான் ஓடுவது உள்ளூராட்சி சபையின் ஒழுங்கையில் என்பதால் அவர்களின் எழுத்து அனுமதி முதலில் வேண்டும். வரவு செலவை மாதாமாதம் நிலையத்துச் சுவரில் ஒட்டுவோம்.

நீங்கள் சேர்க்கிற காசில் மூன்றில் ஒரு பங்கு நிலையான வைப்பில் கிடக்கட்டும், வட்டியில் பராமரிப்பு நடக்கும். இதையெல்லாம் வட்சப்பில் அனுப்பினேன். நீலக்குறி விழுந்து மூன்று நாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மதகடியில் சிரமதானம். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள், தேத்தண்ணி எங்கள் வீட்டில்.