அது தென்றல் இல்ல, அஞ்சாம் நம்பர்

இன்னிக்குக் காலைல காபி இன்னும் தொண்டைக்குள்ள இறங்கல, அதுக்குள்ள பால்டிக் கடல்ல இருக்குற ஃபேமார்ன் தீவுல நாங்க லீவுக்கு எடுத்த வாடகை வீட்டுக்கார அம்மாகிட்ட இருந்து மெயில். "எங்க வீட்டுல நல்லா ஓய்வெடுத்திருப்பீங்கன்னு நம்புறேன். அடுத்த வருஷமும் இதே வாரம் வேணும்னா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, அப்புறம் கேட்டா கிடைக்காது." கடைசில ஒரு சூரியன், ஒரு நண்டு, ரெண்டு அலை படம்.

ஓய்வாம்! அம்மா தாயே, ஹாம்பர்க் திரும்பி ஒம்பது நாளாச்சு. எங்க அத்தை இன்னும் காதுல இருந்து மணல் எடுத்துட்டிருக்காங்க.

நான் கேட்டது என்ன? ஒரு வாரம் சும்மா இருக்கணும். கடலைப் பாத்துக்கிட்டு, காலை நீட்டிக்கிட்டு, ஒரு வேலையும் செய்யாம. சும்மா இருப்பதே சுகம்னு பெரியவங்க சொல்லிட்டுப் போனாங்களே, அவங்கள்ல ஒருத்தர்கூட ஜெர்மனியில லீவு வீடு புக் பண்ணிப் பாத்ததில்ல. சும்மா இருக்குறதுக்கு நான் ஜனவரியில இருந்து வேலை பாத்திருக்கேன். எக்ஸெல் ஷீட் போட்டு, கலர் அடிச்சு, வீடு வீடா ஒப்பிட்டு. என் கல்யாணத்துக்குக்கூட எங்கப்பா இவ்வளவு விசாரிக்கல.

வியாழக்கிழமை வந்துட்டு திங்கக்கிழமை போகட்டுமான்னு ஒரு வீட்டுல கேட்டேன். ஏதோ தகாத வார்த்தை பேசின மாதிரி பதில் வந்துச்சு. சீசன்ல சனிக்கிழமை டு சனிக்கிழமைதான். சரி, எல்லாரும் சனிக்கிழமை வரணும், எல்லாரும் சனிக்கிழமை போகணும், அந்தத் தீவுக்கு இருக்கறது ஒரே பாலம், அந்தப் பக்கம் ஒரு வரிசை இந்தப் பக்கம் ஒரு வரிசை. இதை யோசிச்ச மூளைக்கு ஒரு கும்பிடு. லூபெக் தாண்டி ஏ1 ஹைவேயில நாங்க நின்ன நேரத்துக்கு ரெண்டு தடவை இட்லி மாவு பொங்கியிருக்கும்.

அப்புறம் காசு. வாடகை தனி. பெட்ஷீட், துண்டு தனி. கடைசி நாள் கிளீனிங் தனி. அந்தக் கிளீனிங்குக்குக் காசும் கட்டிட்டு, போறதுக்கு முன்னாடி வீட்டைப் பெருக்கி, பாத்திரம் கழுவி அடுக்கி, குப்பையை நாலா பிரிச்சு நாலு டப்பாவுல போட்டுட்டுப் போகணுமாம். அப்ப அந்தக் காசு எதுக்குங்க? நான் பெருக்கினதைப் பாத்து ரசிக்கவா? இதுக்கும் மேல கூர்டாக்ஸேன்னு ஒண்ணு, தலைக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு. 'கூர்'னா உடம்பைத் தேத்துற சிகிச்சை. அதாவது அந்தக் காத்துல நின்னு நாம தேறிட்டிருக்கோமாம், அதுக்கு வரி.

காத்துன்னு சொன்னதும் எனக்குக் கை நடுங்குது. விளம்பரத்துல என்ன போட்டிருந்தான் தெரியுமா? 'ஃப்ரிஷே ப்ரீஸே'. நான் ரொம்பப் புத்திசாலியா அதைத் தமிழ்ல யோசிச்சேன்: இளங்காற்று. அத்தைகிட்டயும், "தென்றல் மாதிரி வீசுமாம் அத்தை"ன்னு சொல்லி வெச்சேன். போய்ச் சேர்ந்து, அடி வாங்கி, மூணாம் நாள் ராத்திரிதான் தேடிப் படிக்கிறேன். காத்துக்கு பூஜ்யத்துல இருந்து பன்னிரண்டு வரைக்கும் போஃபோர்ட் அளவுன்னு நம்பர் போட்டு வெச்சிருக்காங்க. அதுல இந்த 'ஃப்ரிஷே ப்ரீஸே' அஞ்சாம் நம்பர். மணிக்கு 29ல இருந்து 38 கிலோமீட்டர். சின்ன மரங்கள் ஆட ஆரம்பிக்கும்னு விளக்கம் வேற. மரமே ஆடுதுன்னா மனுஷி நான் எம்மாத்திரம்! நம்ம ஆளுங்க தெக்க இருந்து வந்தா தென்றல், வடக்க இருந்து வந்தா வாடை, மேற்க இருந்து வந்தா கோடை, கிழக்க இருந்து வந்தா கொண்டல்னு ஒழுங்கா பேர் வெச்சுப் பிரிச்சாங்க. அங்க மத்தியானத்துக்குள்ள நாலும் வந்து ஆஜராகிடுச்சு.

இதுல யாரைக் குத்தம் சொல்ல? நான் ஆரல்வாய்மொழிக்காரி. கணவாய்க் காத்துல பாவாடையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனவ. பக்கத்துல முப்பந்தல்ல கரன்ட் எடுக்குற ராட்சசக் காத்தாடி எதுக்கு நட்டிருக்கான்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அப்படிப்பட்ட நான், பாலம் ஏறி இறங்கும்போது வயல் முழுக்க வெள்ளை வெள்ளையா காத்தாடி சுத்துறதைப் பாத்துட்டு, "ஐ, நம்ம ஊர் மாதிரியே இருக்கே"ன்னு சந்தோஷப்பட்டேன் பாருங்க. அந்தப் பாலத்துக்கும் ஒரு கதை இருக்கு. 1963ல திறந்தது, 963 மீட்டர். வளைவைப் பாத்துட்டு 'துணி மாட்டுற ஹேங்கர்'னு செல்லப் பேர் வெச்சிருக்காங்க. பலமா காத்தடிச்சா சரக்கில்லாத லாரியையும் கேரவனையும் அதுல விடமாட்டாங்க. லாரியையே கவுத்துப் போடுற காத்தடிக்கிற ஊருக்கு, 54 கிலோ அத்தையையும் ஏழு வயசுப் பையனையும் கூட்டிக்கிட்டு ஓய்வெடுக்கப் போறோம் நாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். டென்ட்.

தெற்குக் கடற்கரை. ஞாயித்துக்கிழமை, காலைல பதினொண்ணு. நல்ல வெயில், அதைச் சொல்லியாகணும். சூரியத் தீவுன்னு பட்டம் வாங்கின இடம். மேகம் உக்காரப் பாத்தாக்கூட காத்து தள்ளி விட்டுடும்போல. எங்ககிட்ட ஒரு பீச் டென்ட். "வீசி எறிந்தால் மூன்றே விநாடியில் தானாக விரியும்"னு உறையில எழுதியிருக்கு. பொய் சொல்லலங்க. வீசினேன், மூணு விநாடியில விரிஞ்சது. என்ன, நான் வீசின இடத்துல விரியல. பக்கத்துல மல்லாக்கப் படுத்திருந்த ஒரு குடும்பத்துக்கு மேல விரிஞ்சது. உள்ள இருந்து ஒரு தலை எட்டிப் பாத்துச்சு. பத்து மன்னிப்பு கேட்டு, இழுத்துட்டு வந்தேன்.

கூட நாலு ஆணி குடுத்திருந்தான். மணல்ல அதை அடிச்சது பாயசத்துல ஈர்க்குச்சி நட்ட மாதிரி இருந்துச்சு. டென்டோட ஓரத்துல இருக்குற பையில எல்லாம் மணலை அள்ளி நிரப்பணும்கிறது அப்ப எனக்குத் தெரியாது; அது உறையோட அடிப்பக்கம் எறும்பு சைஸ் எழுத்துல இருந்துச்சு. எனக்குத் தோணின ஐடியா வேற. "அத்தை, நீங்க உள்ள போய் உக்காருங்க. வெயில் படாது."

வெயிலாவது ஒண்ணாவது! வெயிட்டுக்கு.

பாவம், நம்பி உக்காந்தாங்க. புடவைக்கு மேல என் மழைக்கோட்டு, தலையில மப்ளர், மடியில புளிசாதம். வெளிய ஒரு நிமிஷம் அமைதி. சின்னவன் குழி தோண்டுறான். இவர் செருப்பைக் கழட்டுறார். நான் அப்பதான் உக்காந்தேன். இடுப்பு மணல்ல பட்டுச்சு, சத்தியமா பட்டுச்சு. 'இதுக்குத்தான் ஜனவரியில இருந்து'ன்னு நெனச்சேன். அந்த நெனப்பு முடியல, அத்தை புளிசாத டப்பாவைத் திறந்துக்கிட்டே, "மக்களே, அப்பளம் எந்தப் பையில இருக்கு?"ன்னு எழுந்துட்டாங்க.

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க. அன்னிக்கு ஆடி மாசமும்கூட. டென்ட் முதல்ல ஒரு பெருமூச்சு விட்டுச்சு. அப்புறம் லேசா மூக்கைத் தூக்கிச்சு. அடுத்த நொடி எங்க தலைக்கு மேல. டப்பா மூடி தட்டு மாதிரி சுத்திக்கிட்டு ஒரு பக்கம், புளிசாதத்துல இருந்த வேர்க்கடலை ஒரு பக்கம், டென்ட் கிழக்க பாத்து உருள ஆரம்பிச்சுது. நான் ஓடுறேன். எனக்குப் பின்னாடி சின்னவன் ஓடுறான், அவனுக்கு ஒரே குஷி. இவர்? ஓடலையே! போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "ஸ்லோ மோஷன்ல எடுக்கட்டா?"ங்கிறார். எடுங்க. நல்லா எடுங்க. வக்கீல்கிட்ட காட்ட உதவும்.

கரை முழுக்க வரிசையா பிரம்புக் கூடை நாற்காலி, ஷ்ட்ராண்ட்கோர்ப். ஒவ்வொண்ணுலயும் ஒரு ஜோடி, காத்துக்கு முதுகு காட்டிக்கிட்டு, புத்தகமும் கையுமா. டென்ட் ஒவ்வொரு கூடையா தாண்டிப் போகுது, அவங்க தலை மட்டும் டென்னிஸ் பாக்குற மாதிரி அதுகூடவே திரும்புது. ஒருத்தராவது எழுந்திருக்கணுமே! கடைசிக் கூடைக்கிட்ட ஒரு பெரியவர். எண்பது வயசு இருக்கும். பேப்பரை மடக்கல. கண்ணைத் தூக்கல. வலது காலை மட்டும் நீட்டி, டென்டோட கயித்தை மிதிச்சார். நின்னுடுச்சு. நான் மூச்சு வாங்கிக்கிட்டுப் போய் நிக்கிறேன். "மொயின்"னார். வணக்கமாம். நான் நன்றி சொல்லி, காத்து ரொம்பப் பயங்கரமா இருக்குன்னேன். கடலை ஒரு பார்வை பாத்துட்டு சொன்னார்: "இன்னிக்குப் பரவால்லையே."

திரும்பி வந்தா அத்தை மூடி இல்லாத டப்பாவை முந்தானையால மூடிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. "மக்களே, இது கடற்கரையா, இல்ல முப்பந்தலா?"

விரிய மூணு விநாடி ஆன டென்டை மடக்க நாப்பது நிமிஷம் ஆச்சு. எட்டு மாதிரி முறுக்கி, நடுவுல அமுக்கி, வட்டமா சுருட்டணுமாம். மூணு பேர் மேல ஏறி உக்காந்தும் அது எட்டாகல, ஒம்பதாகல. கடைசில விரிஞ்ச மேனிக்கே கார்ல திணிச்சு, சின்னவனை அதுக்குள்ள உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தோம்.

அந்தக் கூடை நாற்காலியை ஏன் வாடகைக்கு எடுக்கலன்னு கேப்பீங்க. காசை மிச்சம் பிடிச்சேன். எக்ஸெல்ல அந்த வரிக்குச் சிவப்பு அடிச்சிருந்தேன். 1882ல மூட்டுவாதம் வந்த ஒரு பெரியம்மா, எல்ஃப்ரீடே ஃபான் மால்ட்சான்னு பேரு, ராஸ்டாக் ஊர்ல வில்ஹெல்ம் பார்டெல்மான்கிற கூடை பின்றவர்கிட்ட போய், கடற்கரையில காத்தடிக்காம உக்கார எனக்கு ஒரு நாற்காலி செஞ்சு குடுப்பான்னு கேட்டிருக்காங்க. அப்படிப் பிறந்ததுதான் அது. அந்தம்மாவுக்கு 1882லயே விளங்கினது, எனக்கு மூணு கலர் எக்ஸெல் போட்டும் விளங்கல. மறுநாள் ஓடிப் போய்க் கேட்டா, வியாழக்கிழமை வரைக்கும் ஒண்ணும் காலியில்லையாம். எல்லாரும் மே மாசமே சொல்லி வெச்சுட்டாங்களாம்.

வியாழக்கிழமை கிடைச்சுது. காத்துக்கு முதுகைத் திருப்பிப் போட்டு உக்காந்தா, அடடா, நிஜமாவே உள்ள கதகதன்னு இருந்துச்சு. கால் வைக்கப் பலகை, பக்கத்துல குட்டி மேஜை. அத்தை குறட்டையே விட்டாங்க. இருபது நிமிஷம். சின்னவனுக்கு பாத்ரூம் வந்துடுச்சு.

மத்ததெல்லாம் எதுக்குச் சொல்லிக்கிட்டு. தண்ணி பதினேழு டிகிரி. பையனுக்கு ஊதி ஊதி நான் நெஞ்சடைச்சு நின்ன காத்தடைச்ச முதலையை எடுத்துட்டுப் போனா, அன்னிக்குக் காத்து கரையில இருந்து கடலுக்குள்ள அடிக்குது, மஞ்சள் கொடி ஏத்தியாச்சு, மிதவை எல்லாம் உள்ள கொண்டு போகக் கூடாதுன்னுட்டாங்க. நியாயம்தான். ஆனா அதைச் சின்னவனுக்கு யார் சொல்றது? முதலை வாரம் முழுக்க ஹால்ல சோபா மேல படுத்து ஓய்வெடுத்துச்சு. அந்த வீட்டுல ஓய்வெடுத்த ஒரே ஜீவன்.

இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தது இவர். எதுக்குன்னு கேளுங்க. ராக் கிதார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கடைசியா இசைத் திருவிழா மேடையில கிதார் வாசிச்சது அங்கதானாம், 1970 செப்டம்பர் 6. அந்த மனுஷனே முந்தின நாள் வாசிக்க வேண்டியவர். காத்தும் மழையும் அடிச்சதுல மறுநாளைக்குத் தள்ளிப் போட்டிருக்காங்க. இந்தக் கதையை முழுசா தெரிஞ்சு வெச்சுக்கிட்டுதான் புக் பண்ணியிருக்கார்! ஃப்ளூகே பக்கம் ஒரு நினைவுக்கல் இருக்கு. அது வரைக்கும் கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட நடந்தோம். அத்தை கல்லைப் பாத்ததும் மப்ளரை இறக்கி ஒரு கும்பிடு போட்டுட்டு, "இவரும் காத்துல போனவரா மக்களே?"ன்னு கேட்டாங்க.

சரி, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாமே, 'சாவுற வரைக்கும் வரமாட்டோம்'னு மரியாதையா ஜெர்மன்ல எழுதலாம்னு லேப்டாப்பைத் திறந்தேன். ஏற்கனவே பதில் போயிருக்கு. காலைல ஏழு நாப்பதுக்கு இவர் அனுப்பியிருக்கார்: "மிக்க மகிழ்ச்சி, அதே வாரம்." கேட்டா, அம்மா ஆசைப்படுறாங்களாம். ஹால்ல அத்தை நாகர்கோவிலுக்கு வீடியோ கால்ல பேசிட்டிருக்காங்க. "ஏசியே வேண்டாம் பாத்துக்கோ, ஜன்னலைத் திறந்தா போதும்." பின்னாடி அந்த டென்ட், இன்னும் மடங்காம, ஹால் நடுவுல விரிஞ்சு கிடக்கு. உள்ள முதலை.

சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. சிரிச்சுத் தொலைச்சேன்.

அதெல்லாம் கூடப் போகட்டும். பறந்து போச்சே ஒரு மூடி, அந்த டப்பா என்னோடது இல்ல. மூணாவது மாடி அக்கா அதிரசம் போட்டுக் குடுத்த டப்பா. நேத்து ராத்திரி மெசேஜ்: "டப்பா ஞாபகம் இருக்காம்மா? செட்டுல ஒண்ணு." இன்னிக்கு மறுபடியும்: "மூடியோட குடுத்துடும்மா." மூடியோடவாம்! என் முறுக்கு அச்சைப் போன தீபாவளிக்கு வாங்கிட்டுப் போனவங்க, மூணு கண் தட்டோட, ஸ்டார் தட்டோட. ஒரு வருஷம் ஆகப்போகுது. நான் ஒரு நாள், ஒரே ஒரு நாள், கேட்டிருப்பேனா?