'முடியாம்' என்றால் சிரிப்பா?

ஒரு காணொளி, நீங்களும் பார்த்திருக்கலாம். மூன்று வயதுக் குழந்தை 'முடியாது' என்பதற்கு 'முடியாம்' என்கிறாள். சுற்றி நிற்கும் பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். 'இன்னொரு முறை சொல்லு' என்று கேட்டு வாங்கி மறுபடியும் சிரிக்கிறார்கள். தமிழைக் கொல்கிறாளாம், ஒரு மேதையின் தீர்ப்பு.

வேண்டும், வேண்டாம். அப்படியானால் முடியும்? முடியாம்! இந்தச் சொல்லை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? காதில் விழுந்ததிலிருந்து அவளே ஒரு விதியைப் பிரித்தெடுத்துப் புது இடத்தில் பொருத்தியிருக்கிறாள். உண்மையில் 'தெரியாது', 'முடியாது' என்ற வரிசையில் ஒழுங்கு தவறி நிற்பது 'வேண்டாம்'தான், அவள் அல்ல.

1958-இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் இல்லாத ஒரு பிராணியை வரைந்து, 'வக்' என்று பெயரிட்டு ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் காட்டினார். இரண்டு இருந்தால்? 'வக்ஸ்' என்றார்கள். கேட்டே இராத சொல்லுக்குப் பன்மை! கிளிப்பிள்ளைக்கு இது வருமா?

'நீ என்ன மொழியியல் பேராசிரியரா?' இல்லை. சிரித்தவர்களும் இல்லை.

'திருத்தாவிட்டால் அப்படியே பழகிவிடுமே!' நாற்பது வயதில் 'முடியாம்' என்று சொல்லும் ஒருவரைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். 'முடியாதா? சரி, நான் செய்து தருகிறேன்' என்றால் போதும், திருத்தமும் அதிலேயே இருக்கிறது. பேச்சில் உண்மையாகவே சிக்கல் என்று தோன்றினால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். அதற்கும் சிரிப்பு மருந்தல்ல.

எனக்குச் சின்ன வயதில் 'ர' வராது, 'ல'தான் வரும். 'மரம்' என்று சொல்லப் போனால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். வருகிற விருந்தாளிகள் முன்னால் எல்லாம் என்னை நிறுத்தி அதைச் சொல்லவைப்பார்கள். என்னைப் போலவே அவர்களும் சொல்லிக்காட்டும்போது எனக்கு ஆத்திரமாக வரும். அவர்கள் சொல்வது தவறு என்று என் காதுக்குத் தெரியும், நாக்குக்குத்தான் வராது. இதே பெர்கோவும் உளவியலாளர் ரோஜர் பிரவுனும் 1960-இல் இப்படி ஒரு குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவனுக்கு 'ஃபிஷ்' வராது, 'ஃபிஸ்'தான். ஆனால் பெரியவர் 'ஃபிஸ்' என்றால் ஏற்கமாட்டான். அதைப் படித்த அன்றுதான் நான் மக்கு இல்லை என்று நம்பினேன். அதற்குள் விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற காலமெல்லாம் கடந்து போயிருந்தது.

'அன்பில்தான் சிரித்தோம்' என்பீர்கள். என் வீட்டிலும் அன்புக்குக் குறைவில்லை.

காணொளியைக் கடைசி வரை பார்த்தீர்களா? மூன்றாம் முறை கேட்டபோது அவள் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதற்கும் சிரிக்கிறார்கள்.